நோயாளியோடு இடம்பெயரும் கிருமி

"இதற்கு முன்பு எந்த மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றீர்கள்?"

உள்நோயாளியாகச் சேர வருவோரிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் வினா இது. பெரும்பாலோர் இதனைப் படிவத்தை நிரப்புவதற்கான வழக்கமான வினா என்றே கருதுகின்றனர். சிலர் நினைவில் நின்ற ஒரு மருத்துவமனையின் பெயரை மட்டும் கூறுகின்றனர். வேறு சிலரோ, முன்பு சிகிச்சை பெற்ற இடத்தைச் சொன்னால் அங்குள்ள மருத்துவரைக் குறை கூறியதாகுமோ என்றும், 'கிருமி உள்ளவர்' என அறிந்தால் படுக்கை தர மறுத்துவிடுவார்களோ என்றும் அஞ்சி, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகின்றனர். அந்த அச்சம் இயல்பானதே. ஆயினும் இவ்வினாவிற்குரிய முழுமையான விடை, நோயாளியின் உயிரையும் அடுத்த படுக்கையில் இருப்பவரின் உயிரையும் காக்கவல்லது. அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருந்துக்குப் பழகுவது யார்?

"எனக்கு அந்த மருந்து பழகிவிட்டது, இனி அது கேட்காது" என்று நோயாளிகள் கூறுவதுண்டு. உண்மையில் மருந்துக்குப் பழகுவது நம் உடல் அன்று; உடலில் வாழும் பாக்டீரியாவே. ஆன்டிபயாட்டிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நாம் உட்கொள்ளும்போது, அதனால் அழியக்கூடிய பாக்டீரியாக்கள் அழிகின்றன. அம்மருந்தைத் தாங்கும் திறன் பெற்றவை ஒரு சிலவே இருந்தாலும் அவை எஞ்சி நிற்கின்றன. போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் அவை விரைந்து பெருகுகின்றன. ஏற்ற சூழலில் ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியா ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அவ்வாறு தடையின்றிப் பிரிந்தால், ஒரே ஒரு பாக்டீரியா 8 மணி நேரத்தில் ஒரு கோடியே 60 இலட்சத்திற்கும் மேலாகும்.

பாக்டீரியாக்களிடம் இன்னொரு திறனும் உண்டு. மருந்தை எதிர்க்கும் மரபணுவைத் தம் வழித்தோன்றல்களுக்கு மட்டுமன்றி, அருகில் உள்ள வேறு பாக்டீரியாக்களுக்கும் அவை வழங்கிவிடும். பிளாஸ்மிட் என்னும் சிறு மரபணு வளையம் இதற்குப் பயன்படுகிறது. ஒருவர் எழுதிய குறிப்பை அடுத்தவர் படியெடுத்துக்கொள்வது போன்றது இது. ஆகவே தீங்கற்ற ஒரு குடல் பாக்டீரியாவிடம் இருந்த எதிர்ப்பாற்றல், நோய் உண்டாக்கும் மற்றொரு பாக்டீரியாவிடம் சென்று சேரக்கூடும்.

கடுமையான நோய்த்தொற்றுகளில், பிற மருந்துகள் பயன்படாத நிலையில் நாங்கள் நாடுவது மெரோபெனெம், இமிபெனெம் முதலிய கார்பாபெனெம் வகை மருந்துகளை. இவற்றையும் சிதைக்கும் நொதிகளைச் சில பாக்டீரியாக்கள் பெற்றுவிட்டன. கேபிசி, என்டிஎம் ஆகியவை அந்நொதிகளுள் குறிப்பிடத்தக்கவை. உங்கள் கல்ச்சர் அறிக்கையில் இச்சொற்களோ, 'கார்பாபெனெம் எதிர்ப்பு' என்ற குறிப்போ இருந்தால், அது இவ்வகைக் கிருமியையே சுட்டுகிறது.

இது எத்துணைப் பெரிய இடர் என்பதற்கு ஓர் எண் போதும். மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் உயிரிழந்தனர் என்று, 2022இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்று மதிப்பிட்டது.

குடியிருப்பது வேறு, நோய் செய்வது வேறு

இக்கட்டுரையில் வாசகர்கள் மறவாமல் மனத்தில் கொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ஒரு பாக்டீரியா நம் குடலிலோ தோலிலோ மூக்கிலோ எவ்விதத் தீங்கும் செய்யாமல் தங்கியிருப்பது ஒரு நிலை. அதே பாக்டீரியா குருதியிலோ நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ புகுந்து காய்ச்சலையும் அழற்சியையும் உண்டாக்குவது மற்றொரு நிலை. முதலாவதைக் குடியிருப்பு என்றும், இரண்டாவதை நோய்த்தொற்று என்றும் கூறலாம்.

குடியிருப்பு நிலையில் உள்ளவருக்குக் காய்ச்சல் இல்லை; வலி இல்லை; பசி குறைவதில்லை. தம்மிடம் அக்கிருமி இருப்பதை அவரே அறியமாட்டார். ஆயினும் அவரிடமிருந்து பிறருக்கு அது பரவக்கூடும். அவருக்கே அறுவை சிகிச்சை நடந்தாலோ, புற்றுநோய் மருந்துகளால் எதிர்ப்புச் சக்தி குறைந்தாலோ, குடியிருந்த கிருமி நோய் செய்யத் தொடங்கவும் கூடும். மருத்துவமனைகளில் இக்கிருமிகள் பரவுவதைத் தடுப்பது கடினமாக இருப்பதற்கு இந்த ஓசையற்ற குடியிருப்பே முதன்மைக் காரணம். நோயுற்றவராகக் கண்ணுக்குத் தெரிபவர் சிலர். கிருமியைச் சுமப்பவர் அவரினும் பலர்.

மருத்துவமனைக்குள் பரவும் வழிகள்

இப்பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவை காற்றில் நெடுந்தொலைவு பறந்து செல்வன அல்ல. அவற்றுக்கு ஓர் ஊர்தி வேண்டும். அவ்வூர்திகளுள் தலையாயது மனிதரின் கை. மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர், உறவினர் ஆகிய அனைவரின் கைகளும் இதில் அடங்கும். சிறுநீர்ப் பையைக் காலி செய்த கை, கழுவப்படாமல் அடுத்த நோயாளியின் தலையணையைச் சரிசெய்யும்போது கிருமி ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் சென்றுவிடுகிறது.

இரண்டாவது ஊர்தி, பலரும் தொடும் பொருள்கள். கட்டிலின் பக்கக் கம்பி, உணவு மேசை, கதவுக் கைப்பிடி, ஸ்டெதாஸ்கோப், இரத்த அழுத்தப் பட்டை, கைப்பேசி ஆகியவை அவை. உலர்ந்த பரப்பில் கிருமி உடனே இறந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் முதலிய மருத்துவமனைப் பாக்டீரியாக்கள் உலர்ந்த பரப்பிலும் பல வாரங்கள், சில வேளைகளில் பல மாதங்கள்கூட உயிர்வாழக்கூடியவை.

மூன்றாவது, ஈரமான இடங்கள். கை கழுவும் தொட்டியின் வடிகுழாய் அவற்றுள் முக்கியமானது. வடிகுழாயின் உட்சுவரில் பாக்டீரியாக்கள் வழுவழுப்பான படலமாகப் படிந்து வாழும். மேலிருந்து நீர் விழும்போது தெறிக்கும் துளிகளுடன் அவை வெளியேறி அருகில் உள்ள பொருள்களில் படியும்.

இவ்வாறு வந்து சேரும் கிருமிக்கு உடலுக்குள் நுழையும் வாயிலாக அமைவன சிறுநீர்க் குழாய், மத்திய சிரைக் குழாய், வென்டிலேட்டர் குழாய் முதலியவை. இவை உயிர்காக்கும் கருவிகளே. ஆயினும் அவை உடலில் இருக்கும் நாள்கள் கூடக்கூட நோய்த்தொற்றின் வாய்ப்பும் கூடுகிறது. எனவேதான், "இக்குழாய் இன்றும் தேவையா?" என்று நாள்தோறும் நாங்கள் எங்களையே கேட்டுக்கொள்கிறோம். நீங்களும் எங்களைக் கேட்கலாம்.

பெத்தெஸ்டா மருத்துவமனையில் நிகழ்ந்தது

இவ்வழிகள் அனைத்தும் ஒருங்கே வெளிப்பட்ட நிகழ்வு ஒன்று அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பெத்தெஸ்டாவில் நடந்தது. அங்குள்ள தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வு மருத்துவமனைக்கு 2011 ஜூன் மாதத்தில், நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒரு பெண்மணி மாற்றப்பட்டார். கார்பாபெனெம் மருந்துகளை எதிர்க்கும் கிளெப்சியெல்லா அவரிடம் இருப்பது முன்னரே தெரிந்திருந்தது. ஆகவே அவரைத் தனிமைப்படுத்தி, கையுறையும் மேலங்கியும் அணிந்தே பணியாளர்கள் அவருக்குச் சிகிச்சை அளித்தனர். ஜூலை 15 அன்று அவர் வீடு திரும்பினார். பிறருக்குக் கிருமி பரவியதாக அதுவரை எந்த அறிகுறியும் இல்லை.

மூன்று வாரங்கள் கழித்து, ஆகஸ்டு 5 அன்று, மற்றொரு நோயாளியிடம் அதே வகைக் கிருமி கண்டறியப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ வாரத்திற்கு ஒருவர் என எண்ணிக்கை கூடியது. அவ்வாண்டின் இறுதிக்குள் 18 நோயாளிகளிடம் அது காணப்பட்டது. அவர்களுள் 11 பேர் இறந்தனர். அவற்றுள் 6 இறப்புகளுக்கு இக்கிருமித் தொற்றே காரணம் என முடிவு செய்யப்பட்டது.

அம்மருத்துவமனையின் ஆய்வாளர்கள், ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் எடுத்த பாக்டீரியாவின் முழு மரபணு வரிசையையும் படித்தனர். கிளெப்சியெல்லாவின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 60 இலட்சம் எழுத்துகள் உண்டு. ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லுங்காலத்தில் அவற்றுள் ஒரு சில எழுத்துகள் மாறுகின்றன. அம்மாற்றங்களை ஒப்பிட்டு, யாரிடமிருந்து யாருக்குக் கிருமி சென்றிருக்கும் என்று ஒரு குடும்ப மரம் வரைவதுபோல் வரைந்தனர். 2012இல் வெளியான அந்த ஆய்வின் முடிவுகள் இரண்டு. முதலாவது, பரவிய கிருமி அனைத்தும் நியூயார்க்கிலிருந்து வந்த அந்த ஒரு நோயாளியின் கிருமியின் வழித்தோன்றலே. இரண்டாவது, கிருமி கண்டறியப்பட்ட வரிசையும் அது பரவிய வரிசையும் ஒன்றாக இல்லை. அதாவது, இடையில் சிலர் எவ்வித அறிகுறியும் இன்றிப் பல நாள்கள் கிருமியைச் சுமந்திருந்தனர். அவர்கள் வழியாகவே அது மற்றவர்களைச் சென்றடைந்தது. கழுவுதொட்டிகளின் வடிகுழாய்களிலும், தூய்மை செய்யப்பட்டுவிட்ட ஒரு வென்டிலேட்டரிலும்கூட அக்கிருமி காணப்பட்டது.

பரவலை நிறுத்த அவர்கள் மேற்கொண்ட நடவடிக்கைகள் கடுமையானவை. மருத்துவமனையில் இருந்த நோயாளிகளிடமிருந்து மாதிரி எடுத்து மறைந்திருந்த குடியிருப்பைத் தேடினர். கிருமி உள்ளவர்களைச் சுவர் எழுப்பித் தனிப் பகுதியில் வைத்து, அவர்களைக் கவனிப்பதற்கென்றே தனிப் பணியாளர்களை அமர்த்தினர். ஒவ்வொருவரும் கை கழுவுகின்றனரா என்று பார்ப்பதற்கே ஆட்களை நிறுத்தினர். அறைகளை ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியால் தூய்மை செய்தனர். வடிகுழாய்களை அகற்றினர். அதன் பின்னரே பரவல் தணிந்தது.

செல்வமும் அறிவியலும் நிறைந்த ஒரு மருத்துவமனையிலேயே இவ்வாறு நிகழ்ந்தது. ஆகவே, ஒரு வார்டில் இக்கிருமி காணப்பட்டது என்றாலே அங்குள்ளோர் அனைவரும் பொறுப்பற்றவர்கள் என்று முடிவு கட்டுவது பொருந்தாது. காய்ச்சல் வரும்வரை காத்திருந்து கிருமியைத் தேடினால் நாம் எப்போதும் பல நாள்கள் பின்தங்கியே இருப்போம் என்பதே இந்நிகழ்வு தரும் பாடம்.

ஒரு மருத்துவமனையின் கிருமி, ஒரு நாட்டின் கிருமியாகும்போது

பெத்தெஸ்டாவில் ஒரு நோயாளி இரு மருத்துவமனைகளை இணைத்தார். நாள்தோறும் நோயாளிகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு நாட்டில் என்ன நேரும் என்பதற்கு இஸ்ரேல் சான்று. 2006ஆம் ஆண்டில் அங்கு கேபிசி நொதி கொண்ட கிளெப்சியெல்லா மருத்துவமனைகளில் பரவத் தொடங்கியது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் வாயிலுக்குள் தன்னால் இயன்றதைச் செய்தது. ஆயினும் பரவல் அடங்கவில்லை. 2007 மார்ச் இறுதிக்குள் 27 மருத்துவமனைகளில் 1,275 நோயாளிகளிடம் அக்கிருமி காணப்பட்டது.

அப்போது அந்நாட்டு நலவாழ்வு அமைச்சகம் நாடு முழுமைக்கும் ஒரே நெறிமுறையைக் கொண்டுவந்தது. கிருமி உள்ள ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அரசுக்கு அறிவித்தல், அவரைத் தனியே வைத்தல், அவருக்கெனத் தனிச் செவிலியரை ஒதுக்குதல் ஆகியவை அதன் கூறுகள். பிற்காலத்தில், ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு நோயாளி செல்லும்போது அவருடைய கிருமி நிலை குறித்த தகவலும் உடன் செல்வதற்கான விதிகள் வகுக்கப்பட்டன. விளைவு தெளிவாக இருந்தது. 2007 மார்ச்சில், ஒரு இலட்சம் நோயாளி நாள்களுக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டோர் 55.5 என்ற அளவில் இருந்தனர். 2008 மே மாதத்தில் அது 11.7 ஆகக் குறைந்தது. அதனைச் சாதித்தது புதிய மருந்தன்று. மறைக்கப்படாத தகவலும், கடைப்பிடிக்கப்பட்ட ஒழுங்குமே.

நம் நாடும் இந்த வரைபடத்திற்கு வெளியே இல்லை. என்டிஎம் என்னும் நொதி, 2008இல் ஸ்வீடனில், அதற்கு முன் இந்தியாவில் மருத்துவமனையில் தங்கியிருந்த ஒரு நோயாளியின் கிளெப்சியெல்லாவில் முதன்முதலில் அறியப்பட்டது. 2010இல் வெளியான ஆய்வொன்றில், அந்நொதியைக் கொண்ட பாக்டீரியாக்கள் சென்னையில் 44 மாதிரிகளிலும், ஹரியானாவில் 26 மாதிரிகளிலும், பிரிட்டனில் 37 மாதிரிகளிலும் இருந்தமை பதிவாயிற்று. பிரிட்டன் நோயாளிகளுள் பலர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ வந்து சென்றவர்கள். அந்நொதியின் பெயரில் புது தில்லி இடம்பெற்றது குறித்து அன்று பெரும் விவாதம் எழுந்தது. பெயர் எதுவாயினும் சிக்கல் உண்மையானது என்பதை உணர்ந்த இந்திய மருத்துவ அமைப்புகள் 2012 ஆகஸ்டில் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பை எதிர்கொள்வதற்கான செயல்திட்டத்தை வகுத்தன. அதுவே 'சென்னைப் பிரகடனம்' என வழங்கப்படுகிறது.

தனி அறை ஏன்?

முந்தைய மருத்துவமனையில் பல நாள்கள், குறிப்பாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில், தங்கி வந்தவர்களுக்குச் சேர்க்கையின்போதே நாங்கள் ஒரு சோதனையைப் பரிந்துரைப்பதுண்டு. ஆசனவாய்ப் பகுதியில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கும் எளிய சோதனை அது. கூச்சம் தரலாம், ஆனால் வலி தராது. முடிவு வர ஓரிரு நாள்கள் ஆகும். அதுவரை நோயாளியைத் தனி அறையிலோ தனிப் பகுதியிலோ வைத்து, கையுறையும் மேலங்கியும் அணிந்து கவனிப்போம்.

"எங்கள் அப்பாவை ஏன் ஒதுக்கி வைக்கிறீர்கள்?" என்று பிள்ளைகள் மனம் நொந்து கேட்கும்போது அவ்வேதனை எங்களுக்கும் புரிகிறது. அவ்வறையின் கதவில் தொங்கும் அட்டை நோயாளியைக் குற்றவாளியாக்குவது அன்று. உள்ளே செல்வோர் கையுறை அணிய வேண்டும் என்பதை நினைவூட்டும் அறிவிப்பு மட்டுமே. சிகிச்சையில் குறை வைப்பதற்கோ, தேவையான அறுவை சிகிச்சையைத் தவிர்ப்பதற்கோ அது காரணம் ஆகாது. எக்கிருமி உள்ளது என்று முன்கூட்டியே தெரிந்தால், காய்ச்சல் வரும்போது தொடக்கத்திலேயே அதற்குப் பொருத்தமான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். கடுமையான குருதித் தொற்றில் சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு இடராகலாம். ஆகவே முன்னரே சொல்வதால் முதலில் பயன் பெறுபவர் அந்நோயாளியே.

தனிமைப்படுத்தலின் பயனுக்கு ஒரு சான்று கூறலாம். 2016இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் எழுபது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தார். அதற்கு முன் இந்தியாவில் தொடை எலும்பு முறிவுக்காகப் பலமுறை மருத்துவமனையில் தங்கியிருந்தவர் அவர். என்டிஎம் நொதி கொண்ட அவருடைய கிளெப்சியெல்லா, சோதிக்கப்பட்ட 26 ஆன்டிபயாட்டிக் மருந்துகளையும் எதிர்த்தது. அவரைக் காப்பாற்ற இயலவில்லை. ஆயினும் அவர் தனி அறையில் தொடுதல்வழிப் பரவலுக்கான காப்பு முறைகளுடன் வைக்கப்பட்டிருந்தார். அதே பிரிவில் இருந்த நோயாளிகளைச் சோதித்தபோது எவரிடமும் அக்கிருமி காணப்படவில்லை. மருந்து தோற்ற இடத்திலும் காப்பு முறை தோற்கவில்லை.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை

நம் ஊர் மருத்துவமனைகளில் நோயாளிக்கு உணவூட்டுவதும், உடல் துடைப்பதும், பெட்பேன் வைப்பதும் பெரும்பாலும் உறவினரே. ஆகையால் பரவலைத் தடுப்பதில் உங்கள் பங்கு எங்கள் பங்கிற்குக் குறைந்தது அன்று.

1. முழு விவரம் கூறுங்கள். கடந்த ஓராண்டில் எந்தெந்த மருத்துவமனையில், எத்தனை நாள், எந்தப் பிரிவில் தங்கினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். டயாலிசிஸ் மையம், முதியோர் இல்லம், வெளிநாட்டு மருத்துவமனை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, கல்ச்சர் அறிக்கைகள், பெற்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து எடுத்து வாருங்கள். இங்கிருந்து வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், அதே கோப்பை அங்கும் காட்டுங்கள்.

2. கைகளைத் தூய்மை செய்யுங்கள். நோயாளியைத் தொடுவதற்கு முன்பும், தொட்ட பின்பும், அறையை விட்டு வெளியேறும்போதும் ஆல்கஹால் கலந்த கைத்திரவத்தை 20 முதல் 30 நொடிகள் வரை தேய்க்க வேண்டும். கையில் அழுக்கு தெரிந்தாலோ, மலம், சிறுநீர் ஆகியவற்றைக் கையாண்டாலோ, கழிப்பறைக்குச் சென்று வந்தாலோ சோப்பும் நீரும் கொண்டு 40 முதல் 60 நொடிகள் வரை கழுவ வேண்டும். கையுறை அணிந்தவரும் அதனைக் கழற்றிய பின் கை கழுவியாக வேண்டும்.

3. அடுத்த படுக்கைக்கு உதவுமுன் சற்று நில்லுங்கள். பக்கத்து நோயாளிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும், போர்வையைச் சரிசெய்வதும் நம் பண்பு. அப்பண்பைக் கைவிட வேண்டாம். கைகளைத் தூய்மை செய்துவிட்டு உதவுங்கள். உடல் துடைத்தல், சிறுநீர்ப் பையைக் காலி செய்தல் போன்ற பணிகளுக்குச் செவிலியரை அழையுங்கள்.

4. நோயாளியின் கட்டிலில் அமர்வதையும், அவருடைய தட்டில் உண்பதையும், அவருக்குரிய துண்டைப் பிறர் பயன்படுத்துவதையும் தவிருங்கள். பார்வையாளர் எண்ணிக்கையைக் குறையுங்கள். கைக்குழந்தைகளை வார்டுக்கு அழைத்து வர வேண்டாம்.

5. கை கழுவும் தொட்டியில் கை மட்டும் கழுவுங்கள். மீந்த உணவு, பால், தேநீர், சிறுநீர் ஆகியவற்றை அதில் ஊற்றாதீர்கள். அவை வடிகுழாயில் வாழும் பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. தொட்டியின் அருகில் மருந்துகளையும் உணவுப் பாத்திரங்களையும் வைக்காதீர்கள்.

6. சிறுநீர்ப் பை தரையைத் தொடாமலும், நோயாளியின் இடுப்பு மட்டத்திற்கு மேல் உயராமலும் இருக்கட்டும்.

7. எங்களையும் கேளுங்கள். "கை கழுவிவிட்டீர்களா, டாக்டர்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அவ்வாறு கேட்பவர்மீது எவரும் சினம் கொள்ளக்கூடாது என்பதே எங்கள் நிலைப்பாடு.

அடிக்கடி எழும் வினாக்கள்

குடியிருப்பு நிலையில் உள்ள கிருமியை ஒழிக்க ஆன்டிபயாட்டிக் தரக்கூடாதா?

குடலில் குடியிருக்கும் இவ்வகைக் கிருமிக்குப் பொதுவாக மருந்து தரப்படுவதில்லை. மருந்து தந்தால் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அழிந்து, எதிர்ப்பாற்றல் உள்ள கிருமிக்கே இடம் கூடும். அதுபோலவே, சிறுநீர் கல்ச்சரில் கிருமி வளர்ந்துள்ளது என்ற ஒரே காரணத்திற்காகப் பெரும்பாலோருக்கு மருந்து தேவைப்படாது. காய்ச்சல், எரிச்சல் முதலிய அறிகுறிகளைக் கருதியே அதனை முடிவு செய்கிறோம். கருவுற்ற பெண்களும், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குச் செல்வோரும் இதற்கு விதிவிலக்கு.

நோயாளியைக் கவனிக்கும் எனக்கு நோய் வருமா?

உடல்நலம் உள்ளவருக்கு இக்கிருமிகளால் நோய் வருவது அரிது. ஆனால் உங்கள் கை வழியே அது மற்றவரைச் சென்றடையலாம். நீங்கள் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவராகவோ, உறுப்பு மாற்றம் செய்துகொண்டவராகவோ இருந்தால், உடனிருக்கும் பொறுப்பை வேறு ஒருவரிடம் ஒப்படைப்பது நல்லது.

வீட்டிற்குச் சென்ற பின்பும் ஒதுக்கி வைக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. குடும்பத்தாருடன் சேர்ந்து உண்ணலாம், உறங்கலாம், கோயிலுக்கும் திருமணத்திற்கும் செல்லலாம். பேரக்குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சலாம். கழிப்பறைக்குச் சென்ற பின்பும், சமைப்பதற்கும் உண்பதற்கும் முன்பும் சோப்பிட்டுக் கை கழுவினால் போதும். துணிகளை வழக்கம்போல் சோப்புத்தூளில் துவைத்து வெயிலில் உலர்த்தலாம்.

இக்கிருமி எத்தனை நாள் உடலில் இருக்கும்?

பலருக்குச் சில மாதங்களில் தானே மறைந்துவிடும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீடிக்கலாம். தேவையற்ற ஆன்டிபயாட்டிக் பயன்பாடு அதனை நீட்டிக்கும். ஆகவே சளி, சாதாரண வைரஸ் காய்ச்சல் ஆகியவற்றுக்கு மருந்துக் கடையில் தாமாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கி உண்ணக்கூடாது. வீட்டில் மிஞ்சியிருக்கும் பழைய மாத்திரைகளையும் எடுத்துக்கொள்ளக்கூடாது.

நிறைவாக

புதிய ஆன்டிபயாட்டிக் ஒன்று உருவாகிப் பயன்பாட்டுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகின்றன. கிருமி அதனை எதிர்க்கக் கற்றுக்கொள்ள அத்தனை காலம் தேவைப்படுவதில்லை. எனவே இருக்கும் மருந்துகளைக் காப்பதற்குக் கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லும் வழியை அடைப்பதே நம் கையில் உள்ள உறுதியான வழி. கை கழுவுதல் அவ்வழியின் ஒரு கதவை அடைக்கிறது. முந்தைய சிகிச்சை விவரத்தை ஒளிக்காமல் கூறுதல் மற்றொரு கதவை அடைக்கிறது.

கிருமி இருப்பதாகச் சொன்னால் எங்கள் மருத்துவமனையில் சேர்க்கை மறுக்கப்படாது. சொல்லாமல் விட்டால் அதற்குரிய காப்பினைச் செய்ய எங்களால் இயலாது. ஆகவே அடுத்த முறை சேர்க்கைப் பிரிவில், "இதற்கு முன்பு எந்த மருத்துவமனையில் தங்கினீர்கள்?" என்று கேட்கும்போது, சற்று நேரம் எடுத்துக்கொண்டு, குடும்பத்தாரையும் கலந்துகொண்டு, முழுமையாக விடை கூறுமாறு வேண்டுகிறோம்.